செல்ஃப் எடுக்கும், லைட் மங்கும்: மூன்றாவது கைக்கு வந்த காரின் வயரிங் வைத்தியம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், கிளட்சை மிதித்துப் பார்ப்பார்கள், டயர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று குனிந்து பார்ப்பார்கள். வயரிங்கைப் பார்ப்பவர் அபூர்வம். நினைத்தாலும் பார்க்க முடியாது. கார்பெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் ஒளிந்துகிடக்கும் சமாச்சாரம் அது.

நான் வாங்கியது 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். சென்னைப் பதிவு, நான் மூன்றாவது ஓனர். இன்ஜின் சுத்தம், ஏசி ஜில்லென்று இருந்தது, இடது முன் ஃபெண்டரில் மட்டும் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த தடம். பேட்டரி புத்தம் புதிது. விற்றவர் அதைப் பெருமையாகவே காட்டினார்: "பேட்டரிகூட போன மாசம்தான் சார் போட்டேன்." விற்கப்போகிற வண்டிக்கு ஒருவர் எதற்குப் புது பேட்டரி போடுகிறார் என்பது கேட்டுவைக்க வேண்டிய கேள்வி.

வண்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஒவ்வொன்றாகத் தலைகாட்ட ஆரம்பித்தன. மூன்று நாலு நாள் எடுக்காமல் நிறுத்தினால் செல்ஃப் 'டக் டக்' என்பதோடு சரி. ராத்திரியில் ஹெட்லைட்டும் ஏசியும் ஓடும்போது பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் லைட் மங்கி, பவர் ஸ்டீயரிங் விளக்கு எரிந்து, ஸ்டீயரிங் கல்லாகிவிடும். வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பகலில் பிரேக்கை மிதித்தால் மீட்டருக்குள் இருக்கும் வெளிச்சம் எரியும். மழை பெய்தால் சென்ட்ரல் லாக் தானாகவே பூட்டித் திறந்து விளையாடும். இது எல்லாவற்றையும்விட வயிற்றைக் கலக்கியது இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் முள்ளெல்லாம் ஒரு நொடி ஜீரோவுக்கு விழுந்து எழும். ஓரிரு முறை இன்ஜினும் நின்றது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "வெள்ளத்துல முழுகின வண்டி." சென்னையில் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நனைந்த வண்டிகள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. அதனால் முதலில் அதைத்தான் பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் சேற்றுக் கறை இருக்க வேண்டும், இல்லை. சீட் ரயிலின் போல்ட்டுகளில் துரு இல்லை. ஸ்டெப்னி குழியில் மண் படியவில்லை. கார்பெட்டைத் தூக்கி அடிப் பஞ்சைப் பிழிந்து பார்த்தேன், இடது ஓரத்தில் மட்டும் லேசான ஈரம். முழுகிய வண்டி இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு பாடி கண்ட்ரோல் மாட்யூலையும் (லைட், லாக் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) ஸ்டீயரிங் மாட்யூலையும் மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டால் காரையே திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஸ்கேனரில் வந்த எர்ரர் கோட் (கோளாறு எண்) பி0562. அதற்கு அர்த்தம் 'சிஸ்டம் வோல்டேஜ் குறைவு' என்பது மட்டும்தான். எந்தப் பார்ட் போனது என்று அது சொல்வதில்லை. அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தாம்பரம் பக்கம் மரத்தடியில் கடை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன், பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. "சார், கம்பெனி வயர் லேசுல ஏமாத்தாது. நடுவுல வந்தவன் போட்ட வயர்தான் ஏமாத்தும். எங்க கருப்பு டேப் பளபளன்னு தெரியுதோ அங்க ஆரம்பிங்க." ஃபேக்டரியில் வயர்க் கட்டின் மேல் துணி டேப்போ, வரிவரியான பிளாஸ்டிக் குழாயோதான் இருக்கும். பளபளப்பான பிவிசி டேப் கண்ணில் பட்டால் அங்கே பிற்பாடு ஒரு கை நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் அந்த டேப் நாலைந்து இடத்தில் இருந்தது. சென்னை வெயிலில் அதன் பசை உருகி விரலில் ஒட்டியது.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு நல்ல மல்டிமீட்டர், டிசி ஆம்பியர் பார்க்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் (வீட்டு ஏசி கரண்டை மட்டும் காட்டுவது உதவாது), அப்புறம் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரில் மாட்டி இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லாம்ப். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்றால், மீட்டர் கரண்டே இழுக்காமல் அளக்கிறது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் என்றுதான் காட்டும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். வயர் சரியில்லை என்றால் பல்பு மினுக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இந்தப் பல்பை ஈசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்), சென்சார் வயர்களில் வைக்கக் கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக்) அல்லது மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் ஏர்பேக்குடையது. அதில் பல்பு மட்டுமல்ல, மீட்டர் ஊசியையும் வைக்க வேண்டாம்.

எர்த்

பேட்டரியில் ஆரம்பித்தேன். ராத்திரி முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. சார்ஜர் போட்டு வைத்ததால் 12.6 இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி முனைகளில் 14.2. டைனமோ நன்றாக வேலை செய்கிறது. ஹெட்லைட்டையும் புளோயரையும் முழுதாகப் போட்டு உள்ளே லைட்டர் சாக்கெட்டில் அளந்தால் 12.9தான் வந்தது. பேட்டரிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 1.3 வோல்ட் காணாமல் போகிறது.

எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரி நெகட்டிவ் முனையில் வைக்க வேண்டும். கிளாம்பில் அல்ல, ஈய முனையிலேயே. இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் வைத்தேன்: 0.05 வோல்ட். அதைப் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கு மாற்றினேன்: 0.92. நல்ல எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதையில், இது 0.1க்குள் இருக்க வேண்டும்.

இந்த ஒரு அளவிலேயே பாதிக் கதை விளங்கிவிட்டது. பேட்டரி நெகட்டிவில் இருந்து இரண்டு கேபிள் கிளம்புகிறது. தடித்தது கியர்பாக்ஸுக்கு, மெல்லியது பாடிக்கு. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் இன்ஜினோடு எர்த் ஆகின்றன. அதனால் பேட்டரியில் சார்ஜ் இருக்கும் வரை செல்ஃப் ஜோராக எடுக்கும், சார்ஜிங்கும் ஒழுங்காக நடக்கும். ஹெட்லைட், புளோயர், ஸ்டீயரிங் மோட்டார் எல்லாம் பாடி எர்த். அவைதான் பட்டினி கிடந்தன. கணக்குப் போட்டால் இன்னும் தெளிவு. அந்த லோடில் பாடி வழியாக ஏறத்தாழ 27 ஆம்பியர் போனது, 0.92ஐ 27ஆல் வகுத்தால் 0.034 ஓம். இவ்வளவு சின்ன எதிர்ப்பை மல்டிமீட்டரின் ஓம்ஸ் காட்டாது, அதன் வயர்களே அதைவிட அதிகம். பீப் சத்தம் வருகிறது, எர்த் நல்லாயிருக்கு என்று சொல்லும் டெஸ்ட்டுக்கு இங்கே மதிப்பே இல்லை. ஆனால் பார்க்கிங்கில் ஸ்டீயரிங் மோட்டார் இன்னும் 30, 35 ஆம்பியர் கேட்கும்போது அதே 0.034 ஓம் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடும். ஐடிலிங்கில் டைனமோவும் அவ்வளவு கொடுக்காது. ஸ்டீயரிங் மாட்யூலுக்குப் போய்ச் சேர்வது 11க்கும் கீழே. அது விளக்கைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. மாட்யூல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பேட்டரியைக் கழற்றினேன். நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் அப்புறம்; மாட்டும்போது தலைகீழ். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே வெல்டிங்தான். ட்ரேயைத் தூக்கினால் அடியில் அந்தப் பாடி கேபிளின் கண் (நுனியில் இருக்கும் உலோக வளையம்), ஒரு எம்6 போல்ட்டில் இறுக்கியிருந்தது. இறுக்கம் கச்சிதம். ஆனால் கண்ணுக்கு அடியில் வெள்ளிக் கலரில் அழகாக பெயின்ட். ஃபெண்டர் டிங்கரிங் செய்தவர்கள் கேபிளைக் கழற்றி, அந்த இடத்துக்கும் சேர்த்து ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். 27 ஆம்பியரும் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போய்வந்திருக்கிறது. மரையைச் சுற்றித் துரு வேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

உப்புத்தாளால் கண் உட்காரும் வட்டத்தை மட்டும் உலோகம் தெரியத் தேய்த்தேன். கேபிள் கண்ணையும் தேய்த்து, புது போல்ட், பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கினேன். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூச்சு. மேலே மட்டும்தான், நடுவில் பூசினால் பிரயோஜனம் இல்லை. திரும்ப அதே லோடில் அளந்தால் 0.04. ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் பளிச்சென்று விழுந்தது. ஸ்டீயரிங் விளக்கு அதற்குப் பிறகு எரியவே இல்லை. செலவு ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு தாள்.

லைட்டர் சாக்கெட்டில் இப்போது 13.8. ஆக, மீதி கிட்டத்தட்ட 0.4 வோல்ட் பாசிட்டிவ் பக்கம் தொலைகிறது. அதற்கு வேறு ஆள் பொறுப்பு, பின்னால் வருகிறேன்.

பிரேக் மிதித்தால் மீட்டர் எரிவது

இது சின்ன விஷயம், ஆனால் ஆபத்தானது. பின்பக்கம் பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து ஒரே பல்பு: 21/5 வாட், உள்ளே இரண்டு இழை, அடியில் இரண்டு புள்ளி. இண்டிகேட்டருக்கு ஒரே இழை கொண்ட 21 வாட் பல்பு, அடியில் ஒரே பெரிய புள்ளி. இரண்டு இழை பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும், மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. வலது ஹோல்டரைக் கழற்றியபோது யாரோ ஒரே இழை பல்பைத் திருகித் திணித்திருந்தார்கள். ஹோல்டரின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் கீறிக் கிழிந்திருந்தது.

அந்த ஒரே பெரிய புள்ளி, ஹோல்டரில் இருக்கும் இரண்டு தொடுமுனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் கரண்ட் பார்க்கிங் லைனுக்குள் பாய்ந்து, அதே லைனில் இருக்கும் மீட்டர் வெளிச்சமும் நம்பர் பிளேட் விளக்கும் எரியும். ராத்திரி பார்க்கிங் லைட்டைப் போட்டால் எதிர்த் திசையில் பாய்ந்து பிரேக் லைட் மூன்றும் நிரந்தரமாக எரியும். சிக்னலில் பைக்காரர்கள் கண்ணாடியைத் தட்டி "அண்ணா, பிரேக் லைட் எரிஞ்சிட்டே இருக்கு" என்று சொன்னது அதனால்தான். பின்னால் வருபவருக்கு நாம் பிரேக் போடுகிறோமா இல்லையா என்றே தெரியாத நிலை. பழைய வண்டிப் பார்ட்டுகள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஹோல்டர் ஒன்று வாங்கி, சரியான பல்பைப் போட்டதும் முடிந்தது.

நிறுத்தினால் பேட்டரி இறங்குவது

அணைத்து நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். கடிகாரம், சாவி ரிசீவர், மாட்யூல்களின் நினைவு எல்லாம் சேர்ந்து 20இல் இருந்து 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. என் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிள்கள் இரண்டையும் சேர்த்துக் கவ்வவைத்தேன். மல்டிமீட்டரை சீரீஸில், அதாவது கேபிளுக்கு நடுவே, மாட்டியும் பார்க்கலாம். ஆனால் 10 ஆம்பியர் துளையில் மாட்டிவிட்டு மறந்து சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் காலி, சில மீட்டர்களில் மீட்டரே காலி.

இதற்குப் பொறுமை வேண்டும். பூட்டியதும் மாட்யூல்கள் உடனே தூங்குவதில்லை. சில வண்டிகளில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் ஃப்யூஸ் பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்று கதவைத் திறந்தால் எல்லாம் மறுபடி விழித்துக்கொள்ளும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கதவைத் திறந்துவைத்து, லாட்ச்சின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டால், கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். பானட்டுக்கும் அதே வைத்தியம்.

ஆரம்பத்தில் 2 ஆம்பியருக்கு மேல், கொஞ்ச நேரத்தில் 0.6, கடைசியில் 0.34இல் நின்றது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை 0.34 ஆம்பியர் ஏறக்குறைய நூறு மணி நேரத்தில் சுத்தமாகத் துடைத்துவிடும். செல்ஃப் எடுக்க முடியாமல் போவதற்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல் போதும். மூன்று நாள் கணக்கு சரியாகப் பொருந்தியது. முந்தையவர் புது பேட்டரி போட்ட காரணமும் இதுதான்.

அடுத்து, எந்த ஃப்யூஸ் வழியாக என்பது. ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை. பிடுங்கிப் போட்டால் தூங்கிய மாட்யூல் விழித்துக்கொள்ளும், கோளாறே காணாமல் போவதும் உண்டு. அதைவிட நல்லது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளைத் தொடுவது. கரண்ட் ஓடாத ஃப்யூஸில் 0.0 வரும். ஓடினால் துளியாவது வோல்ட் விழும். எல்லாம் 0.0, 0.0 என்று வந்துகொண்டிருந்தது, ஆடியோ என்று எழுதிய இடத்தில் 0.6.

அங்கே இருந்தது பச்சை ஃப்யூஸ். மூடியில் போட்டிருந்தது 15 ஆம்பியர், அதாவது நீலம். பச்சை என்றால் 30. யாரோ ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாகப் போட்டிருக்கிறார்கள். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃப்யூஸ் போட்டால் வயரே ஃப்யூஸாகிவிடும், அதுவும் கார்பெட்டுக்கு அடியில். கணக்குக்காகச் சொல்கிறேன்: 30 ஆம்பியர் மினி ஃப்யூஸின் எதிர்ப்பு சுமார் 2 மில்லிஓம், அதனால் 0.3 ஆம்பியருக்கு 0.6 மில்லிவோல்ட். 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்திருந்தால் இதே கரண்டுக்கு ஏறத்தாழ 1.5 காட்டியிருக்கும்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்தேன். பின்னால் ஒரு தலைமுடிச் சிக்கல். கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வெளி ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் நிரந்தர பேட்டரிக்கு, நேரத்தையும் ஸ்டேஷனையும் நினைவில் வைக்க. சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் வரும் ஏசிசி கரண்டுக்கு. இங்கே மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி நிரந்தர பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் ஸ்க்ரீன் அணையும், உள்ளே செட் விழித்தபடியே இருக்கும். போதாததற்கு ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் நீல-வெள்ளை வயரும் ஓயாமல் 12 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது.

பிரித்து, சிவப்பை ஏசிசியில் கொடுத்தேன். வயர்களை முறுக்காமல் பட் கனெக்டர் என்ற சிறு உலோகக் குழாய் போட்டு நசுக்கி (கிரிம்ப் செய்து), சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றினேன். பச்சைக்குப் பதில் நீல ஃப்யூஸ். மறுபடி அளந்தபோது 0.03 ஆம்பியர்.

ஏசிசியில் கொடுத்ததும் ஒரு புதுக் கூத்து ஆரம்பித்தது. ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் ஸ்டீரியோ அணைந்து, லோகோ வந்து, முதலில் இருந்து ஆரம்பிக்கும். அதே கணம் மீட்டர் முள்ளும் விழுந்தது. ஸ்டீரியோ மாட்டியவர் இரண்டையும் ஏன் முறுக்கினார் என்பது அப்போது புரிந்தது. ஏசிசி லைனில் கரண்ட் விட்டுவிட்டு வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. காரணத்தைத் தேடாமல் நிரந்தர லைனுக்குத் தாவியிருக்கிறார்.

சாவிக்குப் பின்னால்

மீட்டர், ஏசிசி, இன்ஜின் மூன்றும் சேர்ந்து விழுகின்றன என்றால், மூன்றுக்கும் பொதுவான இடம் இக்னிஷன் சுவிட்ச். மறைந்திருந்த அந்த 0.4 வோல்ட்டும் அந்தப் பக்கத்தைத்தான் கை காட்டியது. இந்த வண்டியில் லைட்டர் சாக்கெட்டுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் வருகிறது.

ஸ்டீயரிங்குக்கு அடியில் கை வைப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஏர்பேக் மாட்யூலில் தேங்கியிருக்கும் சார்ஜ் இறங்க சில நிமிடமாவது வேண்டும். பிறகு ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூடியைக் கழற்றினேன். கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் அடித்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய கப்ளரின் ஒரு மூலை காப்பிக் கலரில் உருகி, உள்ளே வரும் தடித்த பேட்டரி வயரின் மேலுறை ஒரு அங்குலத்துக்குக் கெட்டியாகி வெடித்திருந்தது. கப்ளரைப் பிரித்தால் அந்த ஒரு டெர்மினல் மட்டும் நீலம் பாய்ந்து, பிடிப்பு இழந்து வாய் பிளந்து நின்றது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது இதுதான் விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது.

கொஞ்சம் தள்ளி, அதே கட்டில் ஒரு நீல நிற ஸ்காட்ச் லாக் கடித்துக்கொண்டிருந்தது. ஓடுகிற வயரின் மேல் கவ்வி, உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துக் கரண்டைத் திருடும் சமாச்சாரம். அதில் இருந்து கிளம்பியது வீட்டு வயரிங்குக்குப் போடும் சிவப்பு வயர். தொடர்ந்துபோனால் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து முன் பம்பரில் இரண்டு ஃபாக் லாம்ப். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) இல்லை, ஃப்யூஸ் இல்லை. இரண்டு 55 வாட் பல்பு சேர்ந்து 110 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மீட்டருக்கும் இன்ஜினுக்கும் புளோயருக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே டெர்மினலின் தலையில் இந்த 9 ஆம்பியரும் ஏறியிருக்கிறது. சூடானால் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். ராத்திரி ஹைவேயில்தான் இன்ஜின் நின்றது என்பதற்கும் இதுவே விளக்கம். ஃபாக் லாம்ப் போடுவது அப்போதுதான்.

இந்த இடத்தை மரத்தடி அண்ணனிடம் கொண்டுபோனேன். சுவிட்ச் புதிதாக ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. கப்ளர் தனியாகக் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் அதே மாடல் உடைத்த வண்டியில் இருந்து, ஒரு சாண் வயரோடு வெட்டிய கப்ளர் கிடைத்தது. வாங்கும்போது ஒவ்வொரு டெர்மினலையும் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். அங்கேயும் கருகியது இருந்தது. அண்ணன் ஒரு வயரை வெட்டி ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததை வெட்டினார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கலர் மங்கிய வயர்கள் குழப்பிவிடும் என்றார். ஜாயின்ட்டுகளை ஒரே இடத்தில் சேர்க்காமல் ஒன்றுக்கு ஒன்று இரண்டு விரல் தள்ளி வைத்தார். கட்டு ஒரே இடத்தில் புடைக்காது, ஸ்லீவ் கிழிந்தாலும் ஒன்றோடு ஒன்று உரசாது. கடைசியில் துணி டேப்.

"ஃபாக் லைட்டைக் கழட்டிப் போட்றலாமா சார்?" என்றார். ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் போனால் வேண்டியிருக்கும் என்பதால் ரிலே போட்டோம். பேட்டரி பாசிட்டிவில் இருந்து ஒரு சாணுக்குள்ளேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் கால். 87இல் இருந்து விளக்குக்கு. 86க்கு டேஷ்போர்டு சுவிட்ச், 85 எர்த். இப்போது சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலுக்கு வேண்டிய 0.2 ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ கேபிள். வீட்டு வயரின் உறை இன்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் செய்ததில்லை.

வேலை முடிந்து லைட்டர் சாக்கெட்டில் அளந்தேன்: பேட்டரியில் 14.2, சாக்கெட்டில் 14.0. ஸ்கேனரில் இருந்த எர்ரர் கோட்களை அழித்துவிட்டு ஓட்டினேன், பி0562 திரும்ப வரவில்லை. பேட்டரி கழற்றிய பிறகு பவர் விண்டோவின் ஆட்டோ மட்டும் மறந்துபோயிருந்தது. கண்ணாடியை முழுதும் ஏற்றிப் பட்டனைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

மழைக்காலச் சென்ட்ரல் லாக் விவகாரம் சீக்கிரம் முடிந்தது. கார்பெட்டின் இடது ஓரத்தில் ஈரம் இருந்ததே, அங்கேயே மேலே, சைடு பேனலுக்குப் பின்னால் வெளியில் வாங்கிப் போட்ட கீலெஸ் மாட்யூல் டபுள் டேப்பில் ஒட்டியிருந்தது, கப்ளர் வாய் வானத்தைப் பார்த்தபடி. வைப்பர் தட்டுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளையை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் வயர் வழியாக இறங்கி நேராகக் கப்ளருக்குள். பின்களில் பச்சைக் களிம்பு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் காயவைத்தேன். மாட்யூலைத் தலைகீழாகத் திருப்பி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினேன். சொட்டு வந்தாலும் வளைவின் அடியிலேயே விழுந்துவிடும். துளையைச் சுத்தம் செய்து ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சக்கரத்துக்குப் பின்னால் மளமளவென்று வடிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பின் வலது கதவின் கண்ணாடி, கதவு பாதி திறந்திருந்தால்தான் இறங்குகிறது. மூடினால் சத்தமே இல்லை. கதவுக்கும் பில்லருக்கும் நடுவே வயர்களை மூடியிருக்கும் ரப்பர் உறைக்குள் ஒரு வயர், மடங்கி மடங்கி தன் மேலுறைக்குள்ளேயே அறுந்திருக்க வேண்டும். ரப்பரை உருவி ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தால் எது ரப்பர் மாதிரி நீள்கிறதோ அதுதான் ஆள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதையும் பிரித்துவிடலாம் என்று இருக்கிறேன்.